சட்டைப் பையில் ஒரு சாட்சி!



உங்களில் யாரெல்லாம் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்? மரத்தில் ஏறி விழுந்து கையை உடைத்துக்கொண்டவர்களும், வாரக் கணக்கில் இருமிக்கொண்டே இருந்தவர்களும் கட்டாயம் எடுத்திருப்பீர்கள்.

அங்கே ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? எக்ஸ்ரே எடுப்பவர் உங்களை இயந்திரத்தின் முன்னால் நிறுத்துவார். "அசையாதே! மூச்சை இழுத்துப் பிடி!" என்பார். சொல்லிவிட்டு, அவர் மட்டும் விறுவிறுவென்று ஒரு தடுப்புச் சுவருக்குப் பின்னால் போய்விடுவார்! 'நம்மை மட்டும் தனியாக விட்டுவிட்டு இவர் ஏன் ஓடுகிறார்?' என்று நினைத்திருப்பீர்கள்.

இன்னொன்றையும் கவனித்திருக்கலாம். அவர் மார்பில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி குத்தப்பட்டிருக்கும். பார்த்தால் அடையாள அட்டை மாதிரி தெரியும். ஆனால் அது அடையாள அட்டை அல்ல. அவர் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று கணக்கு வைக்கும் கருவி! அதன் பெயர் 'டோசிமீட்டர்'. தமிழில் 'கதிர்வீச்சு அளவி' என்று சொல்லலாம்.

இந்த வாரம் அந்தச் சின்னக் கருவியின் பெரிய கதையைப் பார்ப்போமா?

கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி

நெருப்பைத் தொட்டால் சுடும். சாக்கடை பக்கம் போனால் நாறும். இடி இடித்தால் காது கேட்கும். ஆபத்து வருகிறது என்று நம் ஐம்புலன்கள் முன்கூட்டியே சொல்லிவிடும்.

ஆனால் எக்ஸ்ரே கதிருக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, ஓசை இல்லை. உடம்பில் பட்டாலும் தெரியாது. நம் ஐந்து புலன்களும் அதன் முன்னால் தோற்றுப் போகின்றன.

ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் ராண்ட்ஜன் 1895-ம் ஆண்டு நவம்பர் 8-ம் தேதி எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். உடம்பை அறுக்காமலே உள்ளே இருக்கும் எலும்பைப் பார்க்க முடிந்ததால் உலகமே வியந்தது. 1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது.

ஆனால் இந்தக் கதிர் அளவுக்கு மீறிப் பட்டால் உடம்பைக் கெடுக்கும் என்று அப்போது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அதற்கு முதலில் விலை கொடுத்தவர்களில் ஒருவர் கிளாரன்ஸ் டேலி.

இவர் அமெரிக்காவில் தாமஸ் ஆல்வா எடிசனின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். எக்ஸ்ரே குழாய் நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்க, தன் கையையே அதன் முன்னால் நீட்டுவார். எலும்பு தெளிவாகத் தெரிந்தால் குழாய் சரி! இப்படி ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, மீண்டும் மீண்டும் செய்தார். கையில் புண்கள் வந்தன. அவை ஆறவே இல்லை. புற்றுநோயாக மாறின. கைகளை வெட்டி எடுத்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. 1904-ல் இறந்துபோனார். இதைப் பார்த்து மனம் கலங்கிய எடிசன் எக்ஸ்ரே ஆராய்ச்சியையே கைவிட்டார்.

டேலி மட்டும் அல்ல. எத்தனையோ மருத்துவர்களும் செவிலியரும் ஆராய்ச்சியாளர்களும் இப்படி மாண்டார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1936-ல் இவர்களுக்காக ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதில் முதலில் பொறித்த பெயர்கள் 169. பின்னர் 350-க்கும் மேல் ஆகிவிட்டது.

அந்தக் காலத்தில் கதிர்வீச்சை எப்படி அளந்தார்கள் தெரியுமா? தோல் சிவக்கிறதா என்று பார்த்து அளந்தார்கள்! அதாவது, மனிதனின் தோல்தான் அளவுகோல். தோல் சிவந்த பிறகு தெரிந்து என்ன பயன்? கெடுதல்தான் நடந்து முடிந்துவிட்டதே! தோலுக்குப் பதிலாக வேறு ஒன்று 'சிவக்க' வேண்டும். அந்தத் தேவையில் பிறந்தவைதான் டோசிமீட்டர்கள்.

எத்தனை வகை!

1. பிலிம் பேட்ஜ்: உங்கள் தாத்தா, பாட்டி காலத்துக் கேமராவில் பிலிம் சுருள் போடுவார்கள். வெளிச்சம் பட்டால் அது மாறிவிடும். கதிர்வீச்சு பட்டாலும் அப்படித்தான். எனவே ஒரு சிறு துண்டு பிலிமை வெளிச்சம் புகாத உறையில் வைத்து மார்பில் குத்திக்கொண்டார்கள். பிறகு அதைக் கழுவிப் பார்த்தால், எவ்வளவு கறுத்திருக்கிறதோ அவ்வளவு கதிர்வீச்சு பட்டிருக்கிறது என்று பொருள். 1940-களில் அமெரிக்காவில் அணு ஆராய்ச்சி வேகமாக நடந்தபோது, சிகாகோவில் பணியாற்றிய எர்னஸ்ட் வோலன் என்ற இயற்பியலாளர் இதைச் செம்மைப்படுத்தினார். பல ஆண்டுகள் உலகெங்கும் இதுவே முதன்மையாக இருந்தது.

2. பேனா டோசிமீட்டர்: இது பேனா மாதிரியே இருக்கும். சட்டைப் பையில் செருகிக்கொள்ளலாம். வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து ஒரு கண்ணால் உள்ளே பார்த்தால், ஓர் அளவுகோலும் அதன்மீது மயிரிழை போன்ற ஒரு கோடும் தெரியும். முதலில் மின்னூட்டம் கொடுத்து அந்த இழையைப் பூஜ்யத்தில் நிறுத்துவார்கள். கதிர்வீச்சு உள்ளே நுழைந்தால் மின்னூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், இழை நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று அங்கேயே, அப்போதே பார்த்துவிடலாம்.

3. டி.எல்.டி. பேட்ஜ்: நம் நாட்டு மருத்துவமனைகளில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். இது ஓர் உண்டியல் மாதிரி! தினமும் ஒரு நாணயம் போட்டால் உண்டியல் சேர்த்து வைத்துக்கொள்கிறது அல்லவா? இந்த பேட்ஜின் உள்ளே இருக்கும் படிகப் பொருளும் தன்மேல் படும் கதிர்வீச்சின் ஆற்றலில் ஒரு பகுதியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பிறகு ஆய்வுக்கூடத்தில் அதைச் சூடாக்குவார்கள். உடனே சேர்த்து வைத்ததையெல்லாம் ஒளியாக வெளியே விட்டுவிடும்! அந்த ஒளியை அளந்தால் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று தெரியும். காலியான உண்டியலை மறுபடியும் பயன்படுத்தலாம்.

மும்பையில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய டி.எல்.டி. பேட்ஜில் வட்ட வில்லைகள் மூன்று இருக்கும். ஒன்றுக்கு மேல் உலோகத் தகடு, இன்னொன்றுக்கு மேல் பிளாஸ்டிக், மூன்றாவது திறந்தபடி. எதற்காக இப்படி? பிளாஸ்டிக்கைத் தாண்டாத கதிரும் உண்டு. உலோகத்தையே தாண்டிப் போகும் கதிரும் உண்டு. மூன்று வில்லைகளையும் ஒப்பிட்டால், வந்த விருந்தாளி யார் என்றும் கண்டுபிடித்துவிடலாம்!

4. மின்னணு டோசிமீட்டர்: இது ஆட்டோ மீட்டர் மாதிரி. எண் ஓடிக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் 'பீப் பீப்' என்று கத்தும். அணுமின் நிலையங்களில் வேலை செய்கிறவர்கள் இதை அணிந்துகொண்டுதான் உள்ளே போவார்கள்.

கவசமா? சாட்சியா?

டோசிமீட்டர் அணிந்தால் கதிர்வீச்சு நம்மை ஒன்றும் செய்யாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஒரு கதிரைக்கூட அதனால் தடுக்க முடியாது. தெர்மாமீட்டரை வாயில் வைத்தால் காய்ச்சல் இறங்கிவிடுமா? இறங்காது. ஆனால் காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லும். அதை வைத்துத்தான் மருத்துவர் மருந்து கொடுப்பார். இதுவும் அப்படித்தான். இது கவசம் அல்ல, சாட்சி.

சாட்சி என்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்காகச் சில விதிகள் உண்டு. ஒருவருடைய பேட்ஜை இன்னொருவர் அணியக் கூடாது. ஈயம் வைத்த மேலங்கி அணிந்தால், பேட்ஜ் அதற்கு உள்ளே, மார்பில் இருக்க வேண்டும். நம் நாட்டில் பொதுவாக மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பேட்ஜை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக் கணக்குப் பார்ப்பார்கள்.

இப்போது ஒரு கேள்வி. எக்ஸ்ரே எடுக்கும் அண்ணனுக்கே கால் உடைந்துவிட்டது. அவரையே எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அப்போது அவர் தன் பேட்ஜை அணிந்திருக்கலாமா?

அணியக் கூடாது! ஏன் தெரியுமா? அது வேலையில் படும் கதிர்வீச்சுக்கான கணக்கு. நோயாளியாகப் படுத்திருக்கும்போது படுவதைச் சேர்த்துவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும்.

சாட்சியின் பேச்சைக் கேட்காவிட்டால் என்ன ஆகும்? ஜப்பானில் நடந்ததைக் கேளுங்கள்.

அலாரம் அடித்தது, யாரும் நம்பவில்லை!

2011-ம் ஆண்டு மார்ச் 11-ம் தேதி ஜப்பானில் மிகப் பெரிய பூகம்பம். ரிக்டர் அளவு என்று நாம் பேச்சுவழக்கில் சொல்கிறோமே, அந்தக் கணக்கில் 9! அதைத் தொடர்ந்து சுனாமி. புகுஷிமா அணுமின் நிலையத்துக்குள் கடல் புகுந்தது. மின்சாரம் இல்லை. அணு உலைகளைக் குளிர்விக்க முடியவில்லை. கதிர்வீச்சுப் பொருட்கள் வெளியே பரவின.

உலைகளைக் காப்பாற்றத் தொழிலாளர்கள் உள்ளே போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு டோசிமீட்டர் வேண்டும். நிலையத்தில் சுமார் 5,000 இருந்தன. ஆனால் சுனாமிக்குப் பிறகு பயன்படுத்தும் நிலையில் மிஞ்சியவை வெறும் 320 தான்! எனவே பல நாட்கள், ஒரு குழுவுக்கு ஒன்று என்று தலைவர் மட்டும் அணிந்துகொண்டு போனார். ஒரே அறையில் வேலை செய்தாலும் ஒருவர் சுவரோரம் நிற்பார், இன்னொருவர் குழாய் பக்கம் நிற்பார். தலைவருக்குப் பட்டதே எல்லோருக்கும் பட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்? இந்த ஏற்பாட்டுக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. மாத இறுதிக்குப் பிறகு ஆளுக்கொரு கருவி கிடைத்தது.

மார்ச் 24-ம் தேதி இன்னொரு சம்பவம். மூன்று தொழிலாளர்கள் அடித்தளத்தில் மின்கம்பி போடும் வேலையில் இருந்தார்கள். தரையில் தண்ணீர் தேங்கி இருந்தது. முந்தைய நாள் அளந்தபோது அங்கே கதிர்வீச்சு குறைவாகவே இருந்தது. ஆனால் வேலையின் நடுவே அவர்களுடைய டோசிமீட்டர்கள் அலாரம் அடித்தன. 'கருவியில் ஏதோ கோளாறு' என்று நினைத்துக்கொண்டு அவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள்.

கோளாறு கருவியில் இல்லை. அந்தத் தண்ணீரில்தான் கதிர்வீச்சுப் பொருட்கள் கலந்திருந்தன! அலாரம் 20 மில்லி சீவர்ட் என்ற அளவில் அடித்தது. அவர்கள் வெளியே வந்தபோது 170-க்கும் மேல் போயிருந்தது. இரண்டு பேருடைய காலணிக்குள் தண்ணீர் புகுந்து கால்கள் நனைந்திருந்தன. மருத்துவமனையில் சேர்த்துச் சோதித்தார்கள். நல்லவேளையாகச் சில நாட்களில் வீடு திரும்பினார்கள்.

நேற்றைய கணக்கை நம்பினார்கள். இன்று கத்திய கருவியை நம்பவில்லை. பார்த்தீர்களா!

ஈயத் தகடு செய்த மோசடி

அடுத்து நடந்தது இதைவிட வருத்தமானது. அதே ஆண்டு டிசம்பரில், அங்கே ஒப்பந்த வேலை எடுத்த ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர், தொழிலாளர்களின் டோசிமீட்டர்களை ஈயத் தகட்டால் மூடச் சொன்னார். ஈயம் கதிர்வீச்சைத் தடுக்கும் அல்லவா? ஆளுக்குப் பட்டாலும் கருவிக்குப் படாது!

எதற்காக இப்படிச் செய்தார்? அளவு எல்லையைத் தொட்டுவிட்டால் அந்தத் தொழிலாளி அங்கே தொடர்ந்து வேலை செய்ய முடியாது. வேலை நின்றுவிடும் என்ற பயம்தான் காரணம்.

சில தொழிலாளர்கள் துணிச்சலோடு "மாட்டோம்" என்று மறுத்துவிட்டார்கள். 2012 ஜூலையில் செய்தித்தாள் மூலம் விஷயம் வெளியே வந்தது. அரசு விசாரணை நடத்தியது.

யோசித்துப் பாருங்கள். ஈயத் தகட்டால் ஏமாந்தது யார்? கருவியா? இல்லை. கருவிக்கு உயிர் இல்லை, அதற்கு நோய் வராது. ஏமாற்றப்பட்டது அந்தத் தொழிலாளியின் உடம்பு.

மாணவர்களே செய்த ஆராய்ச்சி

இனி ஒரு நல்ல செய்தி.

விபத்துக்குப் பிறகு புகுஷிமா நகரில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு டோசிமீட்டர் கொடுத்தார்கள். உங்கள் வயதுக் குழந்தைகள் பள்ளிக்கும் விளையாடவும் அதை அணிந்துகொண்டு போனார்கள். 'எங்கள் ஊரில் வாழலாமா?' என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. வெளியூர்க்காரர்கள் பேசிய பேச்சு அந்தக் கவலையைக் கூட்டியது.

அங்குள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலர், 'நாமே அளந்து பார்த்துவிடலாமே!' என்று முடிவு செய்தார்கள். 2014-ல் ஜப்பான், பிரான்ஸ், போலந்து, பெலாரஸ் ஆகிய நாடுகளின் பள்ளிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். மாணவர்களும் ஆசிரியர்களுமாக 216 பேர்! சட்டைப் பையில் அடங்கும் மின்னணு டோசிமீட்டரை எல்லோரும் இரண்டு வாரம் அணிந்தார்கள். அந்தக் கருவி ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனித்தனியாகக் கணக்கு வைக்கும். எந்த நேரத்தில் எங்கே இருந்தோம் என்று அவர்களும் நாட்குறிப்பில் எழுதினார்கள்.

முடிவு என்ன? ஓராண்டுக்குக் கணக்கிட்டபோது, புகுஷிமா பள்ளிகளில் ஒருவருக்குப் பட்ட அளவு ஏறக்குறைய 0.6 முதல் 1 மில்லி சீவர்ட் வரை. ஐரோப்பிய ஊர்களில் ஏறக்குறைய 0.5 முதல் 1.1 வரை. அதாவது, பெரிய வித்தியாசம் இல்லை! விபத்து நடக்காத ஊரிலும் மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் இயற்கையாகவே கதிர்வீச்சு வருகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில்கூட தோரியம் கலந்த கனிமம் இருப்பதால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிட அதிகம்.

அப்படியானால் விபத்து சாதாரணம் என்று பொருளா? இல்லை. மக்களை வெளியேற்றிய பகுதிகளின் கதை வேறு. இந்த மாணவர்கள் அளந்தது, மக்கள் தொடர்ந்து வாழ்ந்த ஊர்களில் இருந்த பள்ளிகளில். எங்கே அளந்தோம், எப்படி அளந்தோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நேர்மையான அளவு. அவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். இந்த ஆராய்ச்சி ஓர் ஆங்கில அறிவியல் இதழில் கட்டுரையாக வந்தது. எழுதியவர்கள் பட்டியலில் 200-க்கும் மேற்பட்ட பெயர்கள்!

'ஐயோ' என்று அலறுவதும் தவறு, 'ஒன்றும் இல்லை' என்று மூடி மறைப்பதும் தவறு. அளந்து பார்த்துப் பேச வேண்டும் என்று அந்த மாணவர்கள் உலகத்துக்குக் காட்டினார்கள்.

அவர் ஏன் ஓடினார்?

சரி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். எக்ஸ்ரே எடுப்பவர் ஏன் தடுப்புக்குப் பின்னால் போனார்?

உங்களுக்கு எப்போதோ ஒருமுறைதான் எக்ஸ்ரே. அதில் படும் அளவு மிகக் குறைவு. அதனால் கிடைக்கும் நன்மையோ பெரிது. எனவே மருத்துவர் எடுக்கச் சொன்னால் பயப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் ஒரு நாளைக்குப் பல பேருக்கு, ஆண்டு முழுவதும் எடுக்கிறார். சிறுதுளி பெருவெள்ளம் ஆகிவிடாதா? அதனால்தான் அவருக்குத் தடுப்பும் பேட்ஜும்.

கதிர்வீச்சிலிருந்து காத்துக்கொள்ள மூன்றே மந்திரங்கள்: நேரம், தூரம், தடுப்பு. அருகில் இருக்கும் நேரத்தைக் குறை. தூரத்தைக் கூட்டு. நடுவே தடுப்பு வை. சிறிய கதிர்வீச்சு மூலத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பவர் இரண்டு மீட்டர் தள்ளிப் போனால், படும் அளவு பாதியாகாது. நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்!

அளவுகள் தெரியுமா?

* கதிர்வீச்சால் உடம்புக்கு நேரும் பாதிப்பைக் கணக்கிடும் அலகு 'சீவர்ட்'. சுவீடன் நாட்டு விஞ்ஞானி ரோல்ஃப் சீவர்ட் பெயரால் வந்தது. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி சீவர்ட்.

* மார்பு எக்ஸ்ரே ஒருமுறை: சுமார் 0.1 மில்லி சீவர்ட், அல்லது அதற்கும் குறைவு.

* பொதுமக்களுக்கு, இயற்கைக் கதிர்வீச்சும் மருத்துவமும் நீங்கலாக, ஆண்டுக்கு அனுமதித்த அளவு: 1 மில்லி சீவர்ட்.

* இந்தியாவில் கதிர்வீச்சுத் துறையில் வேலை செய்கிறவர்களுக்கு: ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 100, எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது.

உங்களுக்கு ஒரு வேலை!

டோசிமீட்டர் உங்களிடம் இல்லை. பரவாயில்லை, ஒரு நோட்டு இருக்கிறதே! வரும் ஒரு வாரம், நீங்கள் டி.வி.யும் செல்போனும் பார்க்கும் நேரத்தை மணி வாரியாக எழுதுங்கள். புகுஷிமா மாணவர்கள் எழுதியது போலவே, எங்கே, எப்போது என்றும் குறியுங்கள். ஏழாம் நாள் கூட்டிப் பாருங்கள்.

ஒன்றே ஒன்று. "அம்மா பார்த்தால் திட்டுவார்களே" என்று நேரத்தைக் குறைத்து எழுதத் தோன்றும். அப்போது அந்த ஈயத் தகட்டை நினைத்துக்கொள்ளுங்கள்!